'ஏதோ இருக்கேம்மா' என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது?

கேள்வி: சமூகப்பணி முதுகலை மாணவி நான். சிற்றூர்களில் முதியவர்கள் எப்படி நல்லபடியாக வாழ்கிறார்கள் என்பது என் ஆய்வு. உசிலம்பட்டிப் பக்கம் கேள்வித்தாளோடு போனால் "ஏதோ இருக்கேம்மா" என்கிறார்கள், இல்லையென்றால் "முதியோர் பணம் எழுத வந்தியா?" என்கிறார்கள். 'தனியாக வசிக்கிறார்' கட்டத்தில்தான் டிக் குவிகிறது. இவர்களைக் 'கைவிடப்பட்டோர்' என்று எழுதச் சொல்கிறார் கைடு. எழுதலாமா?
– வாசகி, மதுரை

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள்.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மகன் வீட்டை ஒட்டிய அறையில் தனியாகப் பொங்கித் தின்கிற அப்பத்தாக்கள் உண்டு. பேரன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாமலும் இருக்கும். பிள்ளைகள் எல்லாம் திருப்பூர் போய்விட, ஆளில்லாத வீட்டில் இருக்கிற கிழவரும் தனிதான். உங்கள் தாளில் இருவருக்கும் ஒரே டிக். அந்தக் கேள்வியை உடையுங்கள்: "உலை தனியா, ஒண்ணா?", "ராத்திரி முடியாமப் போனா யாரைக் கூப்பிடுவீங்க?" இரண்டாவதற்கு வருகிற பதிலில்தான் கைவிடப்பட்டவர் யார் என்று தெரியும்.

பணப் பேச்சை வாசலிலேயே முடித்துவிடுங்கள். மாதம் 1,200 ரூபாய் அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை. "நான் படிக்கிற பிள்ளை, வாங்கித் தர முடியாது" என்று சொன்னால் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும். பணம் நின்றுபோனதாக யாராவது சொன்னால், தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனித் தாசில்தாரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐயும் எழுதிக் கொடுங்கள்.

"எப்படி இருக்கீங்க?" என்றால் மரியாதைக்கு ஒரு பதில்தான் வரும். என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். போன், கடைக்குப் போவது, சமையல், துணி, பணக்கணக்கு என்று கேட்கும் அளவுகோலை முதுமை ஆய்வாளர்கள் லாட்டனும் பிராடியும் 1969-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். சமையலையும் துவைப்பதையும் ஆண்களுக்குக் கணக்கில் எடுக்காத வழக்கம் அதில் இருந்தது. நம்மூர்த் தாத்தாக்களுக்கு வசதிதான்! நீங்கள் அதோடு, ரேஷன் கடையில் கைரேகை விழுகிறதா, தண்ணீர்க் குடம் தூக்க முடிகிறதா, டவுன் பஸ்ஸில் ஏற முடிகிறதா என்று சேர்த்துக் கேளுங்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் படி உயரம் குறையவில்லையே. சேர்த்த கேள்விகளுக்குத் தனியாக மதிப்பெண் போடுங்கள். மூல அளவுகோலின் கூட்டுத்தொகையில் கலந்தால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது.

மந்தையில் நாலு பேர் நடுவே மகனைப் பற்றிக் கேட்காதீர்கள். மருமகள் பக்கத்தில் நிற்கும்போதும் வேண்டாம்.

நோய்களை எண்ணிப் போட்டாலே போதும் என்று கைடு சொன்னால், டாக்டர் கோ. வெங்கடசாமியை நினைவூட்டுங்கள். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அரசுப் பணி ஓய்வுக்குப் பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உலக சுகாதார நிறுவனமும் 2015 அறிக்கையில், நோயில்லாமல் இருப்பதைவிட, தான் மதிக்கிற காரியத்தைச் செய்ய முடிகிறதா என்பதைத்தான் முன்னால் வைத்தது.

புதிய கேள்விகளோடு முதலில் நாலைந்து பேரிடம் பேசிப் பாருங்கள். அந்தத் தாள்களைக் கைடிடம் காட்டிவிட்டு மீதி வீடுகளுக்குப் போகலாம்.