அங்கன்வாடிக்கு வருமானச் சான்று தேவையில்லை

சகோதரி, கொருக்குப்பேட்டை அங்கன்வாடியில் மூன்று வயது மகளைச் சேர்க்கப் போனால் வருமானச் சான்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனசு ஆறவில்லை. அங்கன்வாடிக்கு வருமான வரம்பே கிடையாது. வறுமைக்கோட்டைத் தகுதியாக வைக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே உத்தரவிட்டது. 2 லட்சம் ரூபாய் வரம்பெல்லாம் தனியார் பள்ளி எல்கேஜியில் நலிவடைந்த பிரிவினருக்கான 25 சதவீத ஒதுக்கீட்டுக்குத்தான். இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

"ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும்" என்று வாதாடுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. காசிமேட்டு மீனவக் குடும்பத்துக்குப் படகு போனால்தான் காசு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கை காய்ந்துவிடும். அந்தக் குடும்பம் எந்த மாத வருமானத்தை எழுதுவது?

சரி, பிறப்புச் சான்றிதழோடு மறுபடி போய்ப் பணியாளரிடமே நேரில் பேசுங்கள். அப்புறமும் மறுத்தால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.