மூச்சுதான் உயிரா?

உயிரையும் உடம்பையும் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி நண்பர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சாமி உண்டா இல்லையா என்று இழுத்த கேள்விகளை விட்டுவிட்டேன். அது வேறு வழக்கு.

கேள்வி (பாலக்கோடு, கல்லூரி மாணவர்): ஐயா, ஆன்மாவெல்லாம் கிடையாது, உடம்பு மட்டும்தான் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பேச்சு என்கிறார் எங்கள் தாத்தா. நம்மில் யாரும் அப்படிச் சொல்லவில்லையா?

பதில்: தாத்தாவிடம் மணிமேகலையைக் கொடுங்கள். அதில் 'சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை'யில் பூதவாதி ஒருவர் வருகிறார்; நிலம், நீர் முதலான பூதங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பவர். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் கூடினால் போதை பிறக்கிறது. அதுபோலப் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, அவை பிரிந்தால் பறையோசை போல அழிந்துவிடுகிறது என்பது அவர் வாதம். எனக்குப் பழம்பிறப்பு தெரியும் என்கிறாள் மணிமேகலை. அது தெய்வ மயக்கமாகவோ கனவாகவோ இருக்கலாமே என்கிறார் அவர். நல்ல கேள்வி! அவள் சிரித்துக்கொண்டே, கண்ணால் காண்பதை மட்டும் ஏற்கும் நீ உன் தாய் தந்தையை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள்.

ஆனால் கவனியுங்கள், கள் வாதத்துக்கு அவள் பதில் சொல்லவே இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தால் இப்படிக் கேட்டிருப்பேன்: கள்ளுக்கா போதை ஏறுகிறது? குடித்தவனுக்குத்தானே? அப்படியானால் உணர்கிற ஒருவனை முன்கூட்டியே உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த உவமையே நடக்கிறது. பூதவாதியும் விடமாட்டார், குடிக்கிறவனும் ஒரு கலவைதானே என்பார். அப்புறம் 'உணர்தல்' எந்த இடத்தில் தொடங்குகிறது? தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். இன்னும் முடிந்தபாடில்லை.

கேள்வி (கிருஷ்ணகிரி, செவிலியர்): சார், நான் ஐசியூவில் வேலை செய்கிறேன். மூளைச்சாவு என்று டாக்டர் சொன்ன பிறகும், "நெஞ்சு ஏறி இறங்குதே, உயிர் இருக்குதுதானே சிஸ்டர்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: முதலில் நடைமுறை. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டின் சாவை இறப்பாக ஏற்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வென்டிலேட்டரை விலக்கி, உடம்பு தானாக மூச்சிழுக்க முயல்கிறதா என்று பார்ப்பதும் அதில் ஒன்று. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. நெஞ்சை ஏற்றி இறக்குவது மிஷின் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இனி தத்துவம். மூச்சே உயிர் என்ற எண்ணத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் மறுத்துவிட்டார். அவருடைய சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் மூன்றாவது முழுக்க ஆன்மா எது அல்ல என்ற வாதம்தான். அதில் 'கண்படில் உண்டி வினை இன்மையின்' என்று ஒரு காரணம் வருகிறது. தூங்குகிறவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது; ஆனால் உண்பதும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே உண்கிறவனும் செய்கிறவனும் மூச்சு அல்ல, வேறு. எனக்கு அந்தச் சூத்திரத்திலேயே பிடித்த வாதம் இது. நம்பு என்று சொல்லவில்லை, ராத்திரி தூங்குகிறவனைப் போய்ப் பார் என்கிறது.

ஒரு எச்சரிக்கை. மெய்கண்டாரைக் காட்டி மூளைச்சாவுக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். ஆன்மா மூச்சு அல்ல என்றாரே தவிர, அது எந்த நேரத்தில் கிளம்பும் என்று அந்தச் சூத்திரம் பேசவில்லை. தூங்குகிறவனை எழுப்பினால் எழுந்துகொள்வான் என்பதும் உங்கள் வார்டில் பொருந்தாது.

கேள்வி (ஓசூர், தொழிற்சாலை ஊழியர்): ஆன்மாவின் எடை 21 கிராம் என்கிறார்களே?

பதில்: அமெரிக்காவின் டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் சாகும் நிலையில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு எடை போட்டு, முடிவை 1907இல் வெளியிட்டார். 21 கிராம் கணக்கு ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

கேள்வி (பென்னாகரம், கூத்துக் கலைஞர்): கூடுவிட்டுக் கூடு பாயும் கட்டம் வந்தால், "இப்ப இவரு யாரு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். யார்தான் வாத்தியாரே?

பதில்: திருமூலர் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துபோக, பசுக்கள் வருந்துவதைப் பொறுக்காமல் யோகி அந்த உடம்பில் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். மாலையில் தேடிவந்த மூலன் மனைவியிடம், உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். ஊரார் பார்த்துவிட்டு அவர் பக்கமே பேசுகிறார்கள். இங்கிலாந்தில் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1694இல் இதே மாதிரி எழுதினார்: இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவன் உடம்பில் புகுந்தால், ஆள் இளவரசன்தான், மற்றவர் கண்ணுக்கு மட்டும் பழைய செருப்புத் தைப்பவன். நினைவு எங்கேயோ ஆள் அங்கே.

தர்க்கத்தில் சரி. ஆனாலும் என் மனசு அந்த மனைவி பக்கம்தான். அவள் தாலி கட்டிக்கொண்டது ஒரு நினைவோடு மட்டும் அல்லவே. நீங்கள் ஆடும்போது அவளுக்கு இரண்டு பாட்டு கூடுதலாகக் கொடுங்கள்.

கேள்வி (அரூர், இல்லத்தரசி): எங்கள் பக்கம் நிறைய நடுகல் இருக்குங்க. செத்தவர் உயிர் அந்தக் கல்லில் இருப்பதாகத்தான் அந்தக் காலத்தில் நம்பினார்களா?

பதில்: படையல் வைத்தார்கள் என்றால் வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பதாக எண்ணியிருப்பார்கள், அம்மா. ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி நம்பவில்லை. சாட்சி நம் தகடூர்க்காரர் கதையிலேயே இருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானோ என்று கேட்கிறார் அவர். ஆன்மா இல்லை என்று அவர் சொல்லவில்லை. கல்லில் இருப்பது அதியமான்தானா என்று சந்தேகப்படுகிறார். அழுகைக்கு நடுவில் இப்படி ஒரு கேள்வி!

கேள்வி (ஊத்தங்கரை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): உடலும் ஆன்மாவும் வேறு வேறு என்றால், ஒன்று மற்றொன்றை எப்படி அசைக்கிறது? சைவ சித்தாந்தத்தில் இதற்கு விடை உண்டா?

பதில்: உடலும் ஆன்மாவும் இரண்டு என்கிற இருமைவாதிகளுக்கெல்லாம் தலைவலி கொடுத்த கேள்வி, ஐயா. 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் இதைத்தான் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தேகார்த்துக்குக் கடிதமாக எழுதினார். அந்தச் சேர்க்கை தத்துவ யோசனையில் பிடிபடாது, அன்றாட வாழ்க்கையில்தான் புரியும் என்கிற மாதிரி தேகார்த் நழுவினார். எலிசபெத்தோ, பொருளல்லாத ஒன்று உடம்பை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவையும் பொருள் என்று ஒப்புக்கொள்வது தனக்கு எளிது என்று எழுதிவிட்டார்.

சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. உடம்பு மாயையில், அதாவது உலகுக்கெல்லாம் மூலமான பொருளில், பிறந்த கருவி. வினை தீர அதை ஆன்மாவுக்குக் கூட்டிவைப்பவன் இறைவன். ஆன்மாவோ சார்ந்ததன் வண்ணமாகும், அதாவது எதைச் சேர்கிறதோ அதன் தன்மையைப் பெறும். ஆக, 'எப்படிச் சேர்ந்தன' என்ற கேள்வி இறைவனிடம் போய்விடுகிறது. சித்தாந்திக்கு இது போதும். இறைவனை ஏற்காதவருக்கு எலிசபெத்தின் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.