ஒப்பீட்டுக் குழு இல்லாமல் முடிவு சொல்லலாமா?

வணக்கம். முதல் அளவீட்டில் இரத்த அழுத்தம் 160-க்கு மேல் இருந்த 40 பேருக்கு எட்டு வாரம் மருந்து கொடுத்ததில் சராசரியாக 12 புள்ளி குறைந்தது, பி-மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லையெனில், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.01-க்குக் கீழே வந்தது, ஆகவே மருந்து பலனளிக்கிறது என்று எழுதலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள். அப்படி எழுத வேண்டாம். அந்தப் பி-மதிப்பு அழுத்தம் குறைந்திருக்கிறது என்பதற்குத்தான் சான்று. எதனால் குறைந்தது என்பதை அது சொல்லாது. இரத்த அழுத்தம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஆகவே ஒரே ஒரு முறை அளந்து, அன்றைக்கு உயர்ந்திருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்தால், மருந்தே கொடுக்காவிட்டாலும் அடுத்த அளவீட்டில் அவர்களின் சராசரி பெரும்பாலும் இறங்கியே இருக்கும்.

1948-இல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வைப் பாருங்கள். படுக்கை ஓய்வு மட்டுமே பெற்ற 52 காசநோயாளிகளில் 17 பேரின் எக்ஸ்-ரே ஆறு மாதத்தில் முன்னேற்றம் காட்டியது. 14 பேர் இறந்தனர். மருந்தும் பெற்ற 55 பேரில் 38 பேர் முன்னேறினர். இறந்தவர்கள் 4 பேர். அந்த 52 பேர் இல்லாதிருந்தால் 38 என்ற எண்ணை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்?

மீண்டும் செய்ய வாய்ப்பிருந்தால், யாருக்கு மருந்து, யாருக்கு மருந்து இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து, இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பக இடைவெளியோடு (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்போடு) தாருங்கள். வாய்ப்பில்லையெனில், இதை முன்னோட்ட ஆய்வு என்றே குறிப்பிடுங்கள்.