டாக்சிசைக்ளின் மாத்திரை போட்டால் நெஞ்சு எரிவது ஏன்?

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை இரவு படுக்கும்போது ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினீர்களா? காரணம் பெரும்பாலும் அதுதான். டாக்சிசைக்ளின் அமிலத்தன்மை உடையது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். உட்கார்ந்தபடி, ஒரு டம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்து விழுங்குங்கள். அப்புறம் அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டலும் குறையும். ஆனால் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைக் கூடவே போடக் கூடாது. அவை மருந்தை உடலில் ஏறவிடாது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். இந்த மருந்து போடும் நாட்களில் வெயிலில் தோல் சட்டென்று கன்றிப்போகும், முழுக்கைச் சட்டை நல்லது.

விழுங்கவே வலித்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்கவே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.