ஆச்சி பார்க்கும் மிட்சமர்

கேள்வி: இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறோம். என் மாமியாருக்கு வயது 72. அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டார். மதியம் சாப்பிட்டதும் ஐடிவி3 சேனலில், ஆங்கிலேயக் கற்பனைக் கிராமங்களில் நடக்கும் துப்பறியும் தொடரான ‘மிட்சமர் மர்டர்ஸ்’ மறு ஒளிபரப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அதிலும் துப்பறியும் இன்ஸ்பெக்டராகப் பழைய பார்னபிதான் வேண்டும். புதியவர் வந்தால் “இவன் எதுக்கு?” என்று எழுந்து போய்விடுவார். என் கணவரோ, முதல் அரை மணி நேரத்தில் கொலைகாரன் யார் என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போய்விடுவார். போன வாரம் கல்லூரி விடுமுறைக்கு வந்த என் மகள், “இது வெள்ளைக்காரங்களுக்காக எடுத்த சீரியல். நம்மள மாதிரி ஆட்கள் இதுல இருக்கக் கூடாதுன்னு எடுத்தவரே சொல்லியிருக்கார். அந்த ஊருக்குள்ள உங்கள விடக்கூட மாட்டாங்க ஆச்சி” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அத்தை டிவி பக்கமே வருவதில்லை. அறையிலேயே இருக்கிறார். கணவர் “தானா சரியாயிடும்” என்கிறார். யார் சொல்வது சரி? இந்த வயதில் தினமும் கொலைக்கதை பார்ப்பது நல்லதா? நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் நீங்களே டிவியைப் போட்டுவிட்டு அத்தையைக் கூப்பிடுங்கள், சகோதரி. பக்கத்திலேயே உட்காருங்கள். மகள் சொன்ன பேச்சை அப்போது எடுக்க வேண்டாம். கணவரை இழந்து, ஊரையும் விட்டு வந்த ஒருவர், தினமும் ஆசையாகப் பார்த்த ஒன்றை விட்டுவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார். தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவைக்கிற விஷயமா இது? உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே இதைச் சொல்லுங்கள்.

இனி மகளின் பேச்சுக்கு வருவோம். அவள் சொன்ன செய்தி உண்மைதான். அந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து தயாரித்துவந்த பிரையன் ட்ரூ-மே, 2011 மார்ச்சில் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழுக்குக் கொடுத்த பேட்டியில், சிறுபான்மை இனத்தவர் வந்தால் மிட்சமர் ஆங்கிலேயக் கிராமமாக இருக்காது என்ற பொருள்படப் பேசினார். பெரிய சர்ச்சையானது. தயாரிப்பு நிறுவனம் அவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. ஐடிவியும் அந்தப் பேச்சைக் கண்டித்தது. கடைசியில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்தே போய்விட்டார். இங்கிலாந்தில் வளர்ந்த நம் பிள்ளை ஒருத்தி இதைப் படித்தால் கோபம் வரத்தான் செய்யும். நியாயமான கோபம். “கதைதானே, விடு” என்று அவளிடம் சொல்லாதீர்கள். நாட்டில் பல லட்சம் பேர் பார்க்கும் கதையில் தனக்கு இடமில்லை என்று ஒருவர் சொன்னால், அது கதையோடு நிற்பதில்லை.

ஆனால் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்தப் பேட்டிக்குப் பிறகு தொடர் மாறியது. 2016-ல் பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் கரிமோர் என்ற பாத்திரம் வந்தது. ஊருக்குப் புதிதாக வந்து ஒரு காட்சியில் தலைகாட்டிவிட்டுப் போகிற ஆள் அல்ல. பார்னபியோடு சரிசமமாக நின்று, சடலத்தைப் பார்த்து இப்படித்தான் இறந்தார் என்று சொல்கிற நிபுணர். நடித்தவர் மஞ்சிந்தர் விர்க், பஞ்சாபி வம்சாவளிப் பெண். பிறந்தது உங்கள் கோவென்ட்ரியில்தான். இதை மகளிடம் சொல்லுங்கள். “பார்த்தாயா, எல்லாம் சரியாகிவிட்டது” என்று வாயடைக்கச் சொல்ல வேண்டாம். அவளைப் போன்றவர்கள் கோபப்பட்டுக் கேட்டதால்தான் அந்தக் கதவு திறந்தது என்று சொல்லுங்கள். அத்தை பழைய கதைகளை மட்டும் பார்க்கிறவர். அவருக்கு டாக்டர் கரிமோரைத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

மகள் தவறியது ஒரே இடத்தில். அந்தத் தொடரைப் பற்றி அவள் என்ன கருத்து வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கடைசி வாக்கியத்தில் அதைத் தொடரிலிருந்து எடுத்து ஆச்சி மேல் போட்டுவிட்டாள். ‘உங்களை அங்கே விட மாட்டார்கள்’ என்றால், ‘வேண்டாதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறீர்கள்’ என்றுதான் கேட்கிறவர் காதில் விழும். மொழி முழுதாகப் பிடிபடாத நாட்டில், மகன் வீட்டில் இருக்கும் ஒரு பெண்மணிக்கு இதைவிட வலிக்கிற பேச்சு வேறில்லை. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கேட்டால் போதும். கருத்தையே திரும்பப் பெறச் சொன்னீர்கள் என்றால் மன்னிப்பும் வராது, அடுத்த விடுமுறைக்கு மகளும் மனம்விட்டுப் பேச மாட்டாள்.

அத்தை அங்கே என்னதான் பார்க்கிறார் என்று நீங்கள் யோசித்ததுண்டா? கரோலின் கிரஹாம் 1987-ல் எழுதிய முதல் பார்னபி நாவலை வைத்து, 1997 மார்ச் 23 அன்று தொடங்கிய தொடர் இது. 130 கதைகளைத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றில் இரண்டு மூன்று பேராவது சாகிறார்கள். சாவதும் சாதாரணமாக இல்லை. 2005-ல் வந்த ஒரு கதையில், ஒருவரைப் புல்வெளியில் அசையாதபடி கட்டிவைத்து, பழங்காலக் கவண் பொறியால் ஒயின் பாட்டில்களை அவர் மேல் எறிகிறார்கள். 2013-ல் ஒரு பெண்ணின் தலையில் பெரிய சீஸ் உருளையே விழுகிறது. இதையெல்லாம் யாரும் நிஜக் கொலையாக நினைத்துப் பார்ப்பதில்லை. ரத்தத்தையும் அதிகம் காட்ட மாட்டார்கள். பல ஆண்டு ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள், யார் கொலைகாரன் என்பதே மறந்திருக்கும். அந்த ஊரில் சர்ச் மணி அடிக்கும் குழுவுக்குள் என்ன சண்டை, பூச்செடிப் போட்டியில் யார் யாருக்கு ஆகாது, பெரிய வீட்டு அம்மாவுக்கும் தோட்டக்காரருக்கும் என்ன பழைய பகை, இதெல்லாம் அச்சுப்பிசகாமல் நினைவிருக்கும்.

இப்போது உங்கள் அத்தையின் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்து போஸ்ட் மாஸ்டர். யார் வீட்டுக்கு மணியார்டர் நின்றுபோயிற்று, எந்தப் பெண்ணுக்கு மேல்விலாசம் மாற்றி எழுதிய கடிதம் வந்தது, யார் சேமிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து மொத்தப் பணத்தையும் எடுத்தார், எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கும். ஒன்றையும் வெளியே சொல்லாமல் அத்தனை வருடம் வைத்திருந்தவர். மிட்சமர் கதை ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ரகசியங்களில்தான் நிற்கிறது: மாற்றி எழுதிய உயில், மிரட்டிப் பணம் பறித்தல், முப்பது வருடத்துக்கு முன் மூடி மறைத்த ஒரு சாவு. பார்னபி கேள்வி கேட்கிற விதத்தை அத்தை ரசிக்கிறார் என்றால், சக தொழிலாளியை ரசிப்பது போலத்தான். கோவென்ட்ரியில் அவருக்கு எதிர் வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாமல் இருக்கலாம். டிவியில் ஓர் ஊர் முழுக்கத் தெரிகிறது.

பழைய பார்னபியா, புதிய பார்னபியா என்ற வழக்கும் உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அந்தத் தொடரின் ரசிகர்கள் இன்றுவரை ஓயாமல் பேசுவது இதைத்தான். ஜான் நெட்டில்ஸ் 1997 முதல் 2011 வரை 81 கதைகளில் டாம் பார்னபியாக நடித்தார். அவரைப் பிடித்தவர்கள் அவர் வீட்டையும் சேர்த்தே பிடித்தவர்கள். மனைவி ஜாய்ஸ் சமையல் சுமார், டாம் வாய் திறந்து சொல்ல மாட்டார். மகள் கல்லிக்கு நாடகப் பித்து. ஜாய்ஸ் எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும், எந்தப் பாட்டுக் குழுவுக்குப் போனாலும், அங்கே ஒரு கொலை நடக்கும். குடும்பமும் வேலையும் ஒன்றாகப் பின்னிக் கிடந்ததால் பார்னபி நம் வீட்டு மனிதர் ஆகிவிட்டார். நீல் டட்ஜன் நடிக்கும் ஜான் பார்னபி, டாமின் ஒன்றுவிட்ட சகோதரர். பிரைட்டனிலிருந்து வந்தவர். மனைவி சாரா பள்ளித் தலைமை ஆசிரியை, கூடவே ஒரு நாய். வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அவரை ‘புதியவர்’ என்றே சொல்கிறார்கள், உங்கள் அத்தையைப் போல.

என் கருத்தைக் கேட்டால், நெட்டில்ஸின் முதல் ஐந்தாறு வருடக் கதைகளுக்கு ஈடு கிடையாது. அவை மெதுவாக நகரும், உள்ளே இருள் அதிகம். பழைய கதைகள் மென்மையானவை, புதியவைதான் கொடூரம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். முதல் கதையின் முடிவை இன்னொரு முறை பார்த்தால் அவர்களுக்கே தெரியும். ஆனால் டட்ஜனை ஒதுக்குவது அநியாயம். முகத்தில் ஒன்றும் காட்டாமல், எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கிற அந்தப் பொறுமை அவருடைய பலம். அத்தைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்: 2000-ல் வந்த ‘கார்டன் ஆஃப் டெத்’ என்ற பழைய பார்னபி கதையிலேயே டட்ஜன் தோட்டக்காரராக நடித்திருக்கிறார். பதினொரு வருடம் கழித்து அந்தத் தோட்டக்காரரே இன்ஸ்பெக்டராகி வந்துவிட்டார். இதைக் கேட்டால் ஒரு கதையாவது உட்கார்ந்து பார்ப்பார்.

கொலைக்கதை உடம்புக்கும் மனசுக்கும் கெடுதலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் நன்றாகத் தூங்குகிறாரா, கதவைப் பூட்டினோமா என்று எழுந்து எழுந்து பார்க்கிறாரா, தெருவில் நடக்கப் பயப்படுகிறாரா, இவற்றைக் கவனியுங்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால் மனதைப் பற்றிக் கவலை வேண்டாம். நிஜக் குற்றச் செய்திகளை நாள் முழுக்கப் பார்க்கிற பெரியவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மிட்சமரில் குழப்பம் எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்து, குற்றவாளி பிடிபட்டு, பார்னபி வீட்டுக்குப் போய்விடுவார். கெடுதல் உட்கார்ந்தே இருப்பதில்தான். விளம்பர இடைவேளை ஒவ்வொன்றுக்கும் எழுந்து நாலு நடை நடக்கச் சொல்லுங்கள். மழை இல்லாத நாளில் கதை முடிந்ததும் தெருமுனை வரை கூட்டிப் போங்கள். ஆங்கில எழுத்து கீழே ஓடும் வசதியைப் போட்டுவிடுங்கள். கிராமத்து உச்சரிப்பு பிடிபடாத இடத்தில் படித்துக்கொள்வார்.

கணவர் விஷயம் சின்னது. கொலைகாரனைக் கண்டுபிடித்தால் துண்டுத்தாளில் எழுதி மடித்து வைக்கட்டும், கடைசியில் பிரித்துப் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

மகளிடம் நீங்கள் தனியாகப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். யார் எந்தத் தெருவுக்குள் வரலாம், யார் வரக் கூடாது என்ற கணக்கு ஆங்கிலேயக் கிராமத்தில் மட்டும் இருந்ததல்ல. நம் தாமிரபரணிக் கரைக் கிராமங்களிலும் இருந்தது. எல்லாத் தெருவுக்கும் தபால் பிரித்து அனுப்பிய ஆச்சிக்கு அது தெரியாமல் இருக்குமா? எந்தத் தெருக்காரர்கள் அஞ்சலகத்துக்குள் வந்து நின்றார்கள், எந்தத் தெருக்காரர்கள் வெளியிலேயே காத்திருந்தார்கள், அதை இவர் எப்படிச் சமாளித்தார் என்று அவள் கேட்கட்டும். அவள் புத்தகத்தில் படிக்கிற விஷயத்தை ஆச்சி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மிட்சமர் மேல் அவளுக்கு இருக்கும் கோபத்தை ஆச்சி புரிந்துகொள்ளவும் அதுதான் வழி.

அப்புறம், ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் காரில் வாலிங்ஃபோர்டுக்குப் போய்வாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் கரையில் இருக்கும் சிறிய ஊர். கோவென்ட்ரியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடரில் வரும் காஸ்டன் நகரம் இதுதான். சதுக்கத்தில் இருக்கும் கார்ன் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை, காஸ்டனின் நாடக அரங்காகக் காட்டியதை அத்தை பார்த்ததும் சொல்லிவிடுவார். அகதா கிறிஸ்டி கடைசிக் காலம் வரை வாழ்ந்த வீடு அந்த ஊர் ஓரத்தில் இருக்கிறது. அவர் கல்லறை பக்கத்தில் சோல்சி கிராமத்துச் சர்ச்சில் இருக்கிறது. அங்கே நிற்கும்போது அத்தைக்கு யார் எங்கே செத்தார் என்று எல்லாம் ஞாபகம் வரும். கார் ஓட்டுவது மகளாக இருக்கட்டும், வழி சொல்வது ஆச்சியாக இருக்கட்டும்.

போவதற்கு முன்னால் சேர்ந்து பார்க்க இரண்டு கதைகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அத்தை தேர்வு, ஒன்று மகள் தேர்வு. அத்தைக்கு நான் சொல்வது 2000-ல் வந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’. சிறந்த கிராமம் எது என்று போட்டி, நடுவர்களில் ஒருவர் ஜாய்ஸ். பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆர்லண்டோ ப்ளூம் அதில் சில்லறைத் திருடனாக வந்து, வைக்கோல் அள்ளும் கவைக்கோலால் குத்துப்பட்டுச் சாகிறார். அந்த முகத்தை மகள் உடனே அடையாளம் கண்டுகொள்வாள். மகளுக்கு டாக்டர் கரிமோர் வரும் கதைகளில் எதையாவது எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம். முதலில் ஆச்சியுடையது.