போட்டோவுக்குப் பின்னால் இருக்கும் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர். அவரும் பாட்டியும் நிற்கும் பழைய போட்டோ ஒன்று கண்ணாடி பிரேமில் இருக்கிறது. அங்கே எடுத்ததா, இங்கே வந்தபின் எடுத்ததா, எந்த வருடம் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பழைய செய்தித்தாள்களில் தேடினால் அவரைப் பற்றி ஏதாவது கிடைக்குமா?"

கிடைக்கலாம். ஆனால் வருடம் தெரியாமல் செய்தித்தாள் தேடுவது தேயிலைக் காட்டில் மோதிரம் தேடுவது மாதிரி. அதனால் முதலில் பிரேமைத் திருப்பிப் போடுங்கள்.

ஒரு துண்டை விரித்து, கண்ணாடி கீழே இருக்கும்படி வைத்து, துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். அந்தக் காலத்தில் பிரேம் போடுகிறவர்கள் அட்டைக்கும் படத்துக்கும் நடுவில் பழைய பேப்பரை மடித்து வைப்பது வழக்கம். அந்தப் பேப்பர் உங்களுக்குச் சாட்சி. தேதி இருக்கும் பக்கம் கிழிந்திருந்தாலும் விலை இருக்கிறதா பாருங்கள். 'சதம்' என்று இருந்தால் இலங்கைப் பேப்பர். 'அணா' என்றால் இந்தியப் பேப்பர், 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'ந.பை.' (நயா பைசா) என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. தமிழ்நாட்டுப் பேப்பரில் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை' இல்லாமல் இப்போதைய 'லை' இருந்தால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிந்தையது. ஒன்றை மறக்க வேண்டாம்: பேப்பர் சொல்வது பிரேம் போட்ட காலத்தைத்தான். படம் அதற்கு முன்பே எடுத்ததாக இருக்கலாம்.

நீலகிரி ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். என் பாட்டியின் படத்தை அப்படிப் பிரித்ததில் அவருடைய இடது கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியோடு சேர்த்து, ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

ஒட்டவில்லை என்றால் படத்தின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். மை இல்லாமல் அட்டையில் அழுத்திய முத்திரை என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். ஊர் பெயர் தெரிந்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிட்டது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் அந்த முத்திரை 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான் செய்திருக்க முடியும். இது உறுதியான தடயம். 'சிலோன்' என்று இருப்பது அவ்வளவு உறுதி இல்லை. நாட்டின் பெயர் 1972 மே மாதம் மாறியது என்றாலும், ரப்பர் முத்திரை தேயும்வரை கடைக்காரர் அதையே குத்திக்கொண்டிருப்பார்.

படத்தில் போட்டிருக்கும் கோட்டு, வாட்ச் இவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை ஸ்டூடியோவில் இருந்தவையாக இருக்கலாம். பின்னால் தெரியும் மலை, திரையில் வரைந்த மலையாகவும் இருக்கலாம்.

சரி, ஒப்பிட்டுப் பார்க்க எது இருக்கிறது? தாத்தாவின் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கும் இடையே 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்கள் வந்து சேர்ந்தது பல வருடங்களாக நடந்தது. அதனால் 'அறுபத்துநாலில் வந்தார்' என்று வீட்டில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதிகளைப் பாருங்கள். அதில் ஒட்டிய படத்தையும் பிரேமில் உள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முன்நெற்றி முடியை ஒப்பிடுங்கள். எது முந்தியது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

அப்புறம்தான் செய்தித்தாள். இலங்கையில் வெளிவந்த வீரகேசரி 1930லும், தினகரன் 1932லும் தொடங்கியவை. நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் இதழ்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம். இங்குள்ள பழைய இதழ்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளியின் பெயர் செய்தியில் வருவது அபூர்வம், ஆகவே பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். வேலைநிறுத்தம், கோயில் திருவிழா, மண்சரிவு என்று தோட்டத்தின் பெயரில்தான் செய்தி வந்திருக்கும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர்கள் வாயில் புழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்றும் இருப்பதுண்டு. இரண்டையும் உறவில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

படத்தைத் திரும்ப மாட்டும்போது அந்தப் பழைய பேப்பரைத் தனியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். அதில் இருக்கும் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம், அதைப் பிறகு பிரிக்க முடியாது. கண்டுபிடித்த விவரத்தைப் படத்தின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டினால் பூஞ்சை பிடிப்பது குறையும்.