அம்மா கையில் பி.பி. மெஷின், மகள் எதற்கு நர்சிங் படிக்க வேண்டும்?

அக்கா, அன்றைக்கு ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாதிப் பேச்சில் எழுந்துவிட்டீர்கள். பாப்பா வாசலில் நின்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இதுதான்: “நான் பள்ளிக்கூடத்தோட நின்னவ. சுயஉதவிக் குழுவுல இருந்ததால இந்த வேலை வந்துச்சு. வீடு வீடாப் போய் பிரஷர் பாக்குறேன், மாத்திரை கொடுக்குறேன். முன்ன இதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை. நாளைக்கு எல்லாத்தையும் எங்கள மாதிரி ஆளை வச்சே முடிச்சுக்குவாங்க. அப்புறம் எம்மக நாலு வருசம் படிச்சு என்னத்துக்கு?”

மதுரையில் இத்தனை வருஷமாக மார்க் ஷீட்டும் கையுமாக வருகிறவர்களுக்கு என்ன படிக்கலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் “எந்தக் காலேஜ்?” என்பார்கள். நீங்கள் வேலையின் அடிமடியிலேயே கை வைத்தீர்கள். உங்கள் பயத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி, நீங்கள் செய்கிற வேலையை நீங்களே குறைத்து எடைபோடுவதால் வருகிறது.

முதலில் உங்கள் பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மேஜையில் வைத்தீர்களே, அந்தத் தோள்பை. உள்ளே பி.பி. மெஷின், ஓரம் நைந்த நோட்டு, ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். நோட்டில் ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ‘கிணத்தடி வீடு’, ‘மருமக கிட்ட சொல்லணும்’ என்று உங்கள் கையெழுத்தில் குறிப்புகள். ஒரு தாத்தாவுக்கு 170 என்று எழுதி அடித்துவிட்டு, கீழே 142 என்று எழுதியிருந்தீர்கள். ஏன் என்றேன். காட்டிலிருந்து நடந்து வந்த உடனே பார்த்தது முதல் அளவு. திண்ணையில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பேசாமல் இருக்கச் சொல்லிப் பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தது இரண்டாவது என்றீர்கள். அப்போது பாப்பா குறுக்கே புகுந்து, “கால் மேல கால் போட்டு உக்காந்தாலும் கூடக் காட்டும் சார், பட்டை லூசா இருந்தாலும் தப்பாக் காட்டும்” என்றது. உங்களோடு நடந்து நடந்தே அது கற்றுக்கொண்ட பாடம். பிளஸ் டூ பயாலஜியில் எத்தனை மார்க் என்பதைவிட அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சரி, கேள்விக்கு வருவோம். டாக்டரும் நர்சும் போதாத இடத்தில், பயிற்சி கொடுத்து வேலையின் ஒரு பகுதியை அடுத்த கைக்கு மாற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளிகள் லட்சக்கணக்கில் மருந்துக்குக் காத்திருந்தபோது, எல்லாவற்றையும் டாக்டரே பார்ப்பது என்றால் விடியாது என்று தெரிந்துபோனது. உலக சுகாதார நிறுவனம் 2008 ஜனவரியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் மாநாடு கூட்டி, இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று 22 பரிந்துரைகள் வெளியிட்டது. நம் நாட்டிலேயே மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே பார்க்க வைத்தார்கள். அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளின் சாவு 62 சதவீதம் குறைந்தது. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அதாவது நீங்கள் வேலை பார்க்கிற திட்டம், இதே வழியில் வந்ததுதான். அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது. அந்த விருதில் உங்கள் செருப்புத் தேய்மானத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் வேலை உங்கள் கைக்கு வந்ததால் நர்சின் கை காலியாகிவிட்டதா? அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. தெருவில் நீங்கள் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு புதுப் பிரஷர்காரரும் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகிறார். அங்கே அவரைப் பார்க்க ஆள் வேண்டும். நீங்கள் வீடு வீடாகப் போகாவிட்டால் அந்தத் தாத்தா ஒரு நாள் பக்கவாதத்தோடுதான் பெரியாஸ்பத்திரிக்கு வந்திருப்பார். நீங்கள் போவதால் நர்சுக்கு வேலை கூடுகிறதே தவிர, குறையவில்லை.

இன்னொன்று, உங்களுக்கு ஒரு வேலை இறங்கி வந்த அதே காலத்தில் நர்சுக்கும் மேலேயிருந்து ஒன்று இறங்கியிருக்கிறது. 2018-இல் மத்திய அரசு துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றத் தொடங்கியபோது, அங்கே நர்சிங் படித்த ஒருவரைப் பொறுப்பாக உட்கார வைத்தது. நம் பக்கம் ‘எம்.எல்.எச்.பி.’ என்று சொல்கிறார்களே, அந்த இடைநிலை சுகாதாரப் பணியாளர்தான். சாதாரண நோய்களைப் பார்ப்பது, மருந்து கொடுப்பது, மேலே அனுப்ப வேண்டியவரை அனுப்புவது எல்லாம் அவர் கையில். அதே 2018-இல் பிரசவத்துக்கென்றே நர்சுகளுக்கு 18 மாதக் கூடுதல் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே பார்க்கும் வழிகாட்டுதலும் வந்தது. ஆக, படிக்கட்டு மொத்தமுமே நகர்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா நகர் வரைக்கும் போய் வாருங்கள். அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் காட்டாத குடும்பம் நம் பக்கம் குறைவு. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 1976-இல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய இடம் அது. அங்கே போனால் முதலில் உங்கள் பெயரை எழுதுவது, பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது, சொட்டு மருந்து போடச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் சேலை கட்டிய இளம் பெண்கள். பெரும்பாலும் கிராமத்திலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவர்கள். டாக்டர் கத்தி பிடிக்க வேண்டிய நேரத்தில் மட்டும் கத்தி பிடிக்கிறார். ஒரு மேஜையில் ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். இந்தப் பெண்கள் இல்லையென்றால் அத்தனை பேருக்கு அங்கே கண் தெரிந்திருக்காது. அவர்களால் டாக்டரின் வேலையும் போகவில்லை.

இனி உங்கள் பயத்தில் நியாயமான பாதி. வேலை கீழே இறங்கும்போது சம்பளமும் சான்றிதழும் அதோடு சேர்ந்து இறங்குகிறதா? பல நேரம் இல்லை. உங்களைத் ‘தன்னார்வலர்’ என்கிறார்கள். மற்ற பல மாநிலங்களில், 2005-இல் தொடங்கிய திட்டத்தில், ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே கதை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களைக் கௌரவித்தது, அவர்களோ இன்றுவரை ஊக்கத்தொகையை உயர்த்தச் சொல்லித் தெருவில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் நான் மேலே சொன்ன 2008 பரிந்துரைகளிலேயே ஒன்று இது: அத்தியாவசிய சுகாதாரச் சேவையைத் தன்னார்வத்தை நம்பியே ஓட்ட முடியாது, பயிற்சி பெற்றுச் செய்கிறவருக்கு, சமுதாயப் பணியாளர் உட்பட, போதிய ஊதியமோ அதற்கு ஈடான பலனோ தர வேண்டும். வேலையை மாற்றச் சொன்ன பக்கத்தை எல்லோரும் படித்தார்கள், இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள் போல.

படித்த நர்சுக்கும் இந்த இடி விழாமல் இல்லை. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேறி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியமாக மாதம் 7,700 ரூபாய்தான். பொறுத்துப் பார்த்து 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கிற டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். எம்.எல்.எச்.பி. வேலையும் ஒப்பந்தம்தான். இதைச் சொல்லாமல் “நர்சிங் படி, அரசு வேலை ரெடி” என்று நான் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகும்.

அதனால் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தப் படியில் நின்றால் அடுத்த படிக்குக் கை எட்டுமா என்று மட்டும் பாருங்கள். சம்பளம் முன்னே பின்னே இருக்கும். ஏற வழியில்லாத படியில் பிள்ளையை நிறுத்திவிடக் கூடாது.

பாப்பா பயாலஜி குரூப். மார்க் இருப்பதால் பி.எஸ்சி. நர்சிங்தான் என் முதல் யோசனை. நாலு வருஷம். நம் மாநிலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் இடம் கொடுக்கிறார்கள். மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு நர்சிங் கல்லூரி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் ஒரு வருஷம் பார்க்கிற நோயாளியை வேறெங்கும் பார்க்க முடியாது. அது கிடைக்காவிட்டால் அரசு மருத்துவமனையில் மூன்று வருஷ நர்சிங் டிப்ளமோ. அதை முடித்தவர்கள் பிற்பாடு இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படித்து பி.எஸ்சி. ஆகிவிடலாம். எம்.எல்.எச்.பி. வேலைக்கு இந்த இரண்டு படிப்பும் செல்லும்.

ஏ.என்.எம்., அதாவது துணைச் செவிலியர் படிப்பு பற்றிக் கேட்டீர்கள். இரண்டு வருஷம். படித்தால் கிராம சுகாதார செவிலியர் வேலைக்குப் போகலாம். உங்கள் ஊர் நர்சம்மா அப்படி வந்தவர்தான். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பதிந்து பிக்மி எண் போடுவதிலிருந்து குழந்தைக்குத் தடுப்பூசி வரைக்கும் அவர் தலையில்தான். அருமையான வேலை. பதவி உயர்வில் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் வரை போகலாம். ஏ.என்.எம். பதிவு இருந்தால் டிப்ளமோ நர்சிங்கில் சேரவும் வழி உண்டு. ஆனால் பி.எஸ்சி.க்கு மார்க் இருக்கிற பிள்ளையை, சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்று ஏ.என்.எம்.மில் நிறுத்த வேண்டாம். இரண்டு வருஷ அவசரம் இருபது வருஷத்துக்கு இழுக்கும்.

அவங்க அப்பா “இன்னொரு தடவை நீட்” என்று போனில் சொன்னார். பாப்பாவிடம் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டது. அதுவே பதில்.

இப்போது உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிற இடம். பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கரண்டு கம்பத்திலும் ‘ஓராண்டு நர்சிங், நூறு சதவீத வேலை’ என்று ஒட்டியிருக்கிறதே, அந்தப் பக்கமே போகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், மேலூர்ப் பக்கம், அப்பா இல்லை. பாத்திரக்கடை மாடியில் இருந்த ஓர் இடத்தில் இரண்டு வருஷம் பணம் கட்டிப் படித்தது. வெள்ளை உடை, தொப்பி, மெழுகுவர்த்தி ஏந்தி உறுதிமொழி, போட்டோ எல்லாம் உண்டு. முடித்துவிட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யப் போனபோதுதான், அந்தச் சான்றிதழ் அங்கே செல்லாது என்று தெரிந்தது. நான் பார்த்தபோது ஒரு கிளினிக்கில் ஊசி போடுகிற வேலை. ஊசி போடத் தெரியும், போட உரிமை கிடையாது. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அந்தப் போட்டோ இன்னும் அவர்கள் வீட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

அதனால் எங்கே போனாலும் ஃபீஸ் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “படிச்சு முடிச்சா தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவாகுமா? அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க.” காட்டினால் உட்கார்ந்து பேசுங்கள். “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கூடவே, வார்டுப் பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள். நர்சிங்கை பெஞ்சில் உட்கார்ந்து மட்டும் படிக்க முடியாது.

செலவைப் பற்றிப் பாப்பா உங்களைவிட அதிகம் யோசிக்கிறது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்சுக்கும் நோட்டுக்கும் ஆகும். முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்கி வைத்துவிடுங்கள். தாலுகா ஆபீசில் கடைசி நேரக் கூட்டத்தில் மாட்ட வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. மகளுக்கு வழி கேட்டு வந்தவரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தெந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள், எத்தனை நாள், எத்தனை வீடு என்று தேதியோடு எழுதி வையுங்கள். பயிற்சிக்குச் சான்றிதழ் கொடுத்தால் வாங்குங்கள், கொடுக்காவிட்டால் கேளுங்கள். நாளைக்கு இந்த வேலைக்கு முறையான பதவி என்று ஒன்று வந்தால், செய்ததற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருப்பவர் வரிசையில் முன்னே நிற்பார்.

வருகிற சனிக்கிழமை பாப்பாவோடு வாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு ஜெராக்ஸ். விண்ணப்பத்தை என் கம்ப்யூட்டரிலேயே போட்டுவிடலாம். போன் நம்பர் கேட்கிற இடத்தில் உங்கள் நம்பரையே கொடுங்கள். அவங்க அப்பா நம்பருக்கு ஓ.டி.பி. போனால் அவர் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். அப்புறம், அந்த பி.பி. மெஷினையும் எடுத்து வாருங்கள். எனக்கும் நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.